பால் பாக்கெட் உறையும் தண்ணீர்க் குடமும்

கோடை முழுதும் மொட்டைமாடியில் கிடந்த பச்சை நிற பிளாஸ்டிக் குடத்தை நேற்றுத் தூக்கினேன். விளிம்பு அப்பளம்போல நொறுங்கிக் கையோடு வந்தது. "வெயிலில் போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்" என்றார் அம்மா. திட்டை வாங்கிக்கொண்டே அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்: பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் முக்கோணத்துக்குள் 2. அடுக்களையில் கிடந்த பால் உறையில் 4.

இரண்டும் பாலிஎத்திலீன்தான். அதே கார்பன், அதே ஹைட்ரஜன். அந்த அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலியின் வடிவம்தான் வேறு. 1933இல் இங்கிலாந்தில் மிகுந்த அழுத்தத்தில் கிடைத்த பாலிஎத்திலீனின் சங்கிலிகள் கிளைவிட்டவை. முள்விறகைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு இறுக்கினாலும் நடுவே இடைவெளி இருக்கும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் அளவில் நின்றுவிடும்; இழுத்தால் நீளும், கசங்கும். பால் உறை இந்த வகை. 1953இல் ஜெர்மனியில் வேதியியலாளர் கார்ல் சீக்லர் வினையூக்கியைக் கொண்டு, குறைந்த அழுத்தத்திலேயே ஏறத்தாழக் கிளையில்லாத சங்கிலிகளை உருவாக்கினார். அவை மூங்கில் கழிகள். நெருங்கி அடுக்கிப் படிகமாகும், அடர்த்தி 0.95. கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் குடம் நிறையத் தண்ணீரை இடுப்பில் நெளியாமல் நிறுத்துகிறது.

பிறகு ஏன் நொறுங்கியது? படிகங்களுக்கு இடையே பாலம்போல ஓடும் நீண்ட சங்கிலிகளைப் புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து நறுக்கிவிடுகின்றன. படிகம் இருக்கும், பிடிப்பு இருக்காது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கார்பன் கரி கலந்த எங்கள் கறுப்புத் தொட்டி அதே மாடியில் பத்து வருடமாக நிற்கிறது. அடுத்த குடத்தைக் கறுப்பில் வாங்கலாமா என்று கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை.