இமையைத் தூக்கிய பிறகும் மிச்சமிருந்த வேலை

என் மகளுக்கு இடது மேலிமை பிறவியிலேயே தாழ்ந்திருந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்று மன்னார்குடியில் எங்கள் உறவினர் அனைவரும் ஆறுதல் சொன்னார்கள். இமையைத் தூக்கும் தசை கருவிலேயே முறையாக உருவாகாமல், அந்த இடத்தில் நாரும் கொழுப்புமாக இருப்பதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் என்றும், அது தானாகச் சரியாவதில்லை என்றும் தஞ்சாவூர்க் கண் மருத்துவர் விளக்கினார். பெண் குழந்தையின் முகம் இப்படியிருக்கிறதே என்ற கவலையோடு போன எங்களிடம் அவர் முதலில் கேட்டது, டிவி பார்க்கும்போது மோவாயை உயர்த்துகிறாளா, புருவத்தை ஏற்றுகிறாளா என்பதைத்தான். இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

சொட்டு மருந்து விட்டுச் சோதித்ததில், தொங்கிய இமையின் அழுத்தத்தால் அந்தக் கண்ணில் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) கூடியிருப்பதும், சரியாகப் பார்த்துப் பழகாததால் பார்வை மங்கும் ‘சோம்பேறிக் கண்’ணாக அது மாறத் தொடங்கியிருப்பதும் தெரிந்தன. பார்வைக்கு இடையூறு இல்லையென்றால் 3 முதல் 5 வயது வரை பொறுத்திருக்கலாம். இமை கண்மணியை மறைத்தால் அதற்கு முன்பே அறுவைச் சிகிச்சை செய்துவிட வேண்டும். உடனே கண்ணாடி எழுதிக் கொடுத்து, எங்களை மதுரைக்கு அனுப்பினார்.

மதுரை மருத்துவர் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பொம்மையைக் கீழும் மேலுமாகக் காட்டி, இமை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று சிறு ஸ்கேலால் அளந்தார். பிறகு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து மென்று தின்னச் சொன்னார். சில குழந்தைகளுக்குத் தாடை அசையும்போது இமையும் துள்ளும் என்பதால் அந்தச் சோதனை. இவளுக்கு அப்படி இல்லை. தசை ஓரளவு வேலை செய்தால் அதையே வெட்டிச் சுருக்கித் தைப்பார்கள். இவளுக்கு அசைவு 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் இழையால் இணைக்க முடிவாயிற்று. தொடையிலிருந்து எடுக்கும் சவ்வைக்கொண்டும் செய்யலாம் என்றாலும், பின்னர் இறுக்கவோ தளர்த்தவோ சிலிக்கான்தான் எளிது என்றார்.

முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருந்ததால், குறித்த நாளில் சளி பிடித்தபோது தேதியைத் தள்ளிவைத்தார்கள். அது எரிச்சலாக இருந்தது. ஆயினும் மூச்சுக்குழல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தக் கண்டிப்பு நியாயமானதே. அறுவைச் சிகிச்சையைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. புருவத்துக்கு மேலும் இமை ரோமங்களை ஒட்டியும் சின்னச் சின்னத் தையல்களோடு வெளியே வந்தாள்.

உண்மையான வேலை வீட்டில்தான் தொடங்கியது. தூங்கும்போது இமை முழுவதும் மூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்; ஆனாலும் இருட்டில் வெண்விழி தெரிவதை முதன்முதலாகப் பார்த்த என் மாமியார் பதறிப்போனார். கருவிழி உலர்ந்து புண்ணாகாதிருக்க, பகலில் சொட்டு மருந்தும் இரவில் கீழிமைக்குள் களிம்பும் இட்டோம். அது குறுவை அறுவடைக் காலம். தெருவெல்லாம் இயந்திரம் கிளப்பிய வைக்கோல் தூசி பறந்துகொண்டிருந்ததால், அவளை வாசலுக்கே விடவில்லை.

இமை உயர்ந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இமை உயர்ந்தாலும், பார்க்கப் பழகாத கண் தானாகப் பார்க்கத் தொடங்கிவிடாது. நல்ல கண்ணை மருத்துவர் சொன்ன நேரம்வரை ஒட்டுத்துணியால் மூடி வைத்தோம். அதில் இன்னொரு பயனும் உண்டு: ஒரு பக்கம் மட்டும் இழை வைத்த குழந்தை, அந்தக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற தேவை வந்தால்தான் அந்தப் பக்கப் புருவத்தை உயர்த்துகிறது, உயர்த்தினால்தான் இமை எழுகிறது. பிள்ளைகள் கேலி செய்யாதிருக்கப் பள்ளி ஆசிரியையிடமும் இதை விளக்கிச் சொன்னேன்.

கீழே குனிந்து எழுதும்போது அந்த இமை மற்றதைவிடச் சற்று மேலேயே நிற்கும். இந்தச் சிகிச்சையில் அதைத் தவிர்க்க இயலாது. வளரும்போது இழை தளர்ந்தால் மீண்டும் இறுக்க வேண்டிவரலாம் என்பதால், கண்ணாடிப் பவரோடு சேர்த்து இமையின் உயரத்தையும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அளந்து வருகிறார்கள்.