இரண்டாவது ஆள் வராத ஏலத்துக்கு என்ன விலை வைப்பது?

ஆன்லைன் ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது ஜெயிக்கிறவர் இல்லை, அவருக்கு அடுத்து நிற்பவர். பெரும்பாலான தளங்களில் கேட்பவர் தன் உச்சத் தொகையை முதலிலேயே ரகசியமாகப் போட்டு வைக்கிறார். தளம் தேவைக்குத் தக்கபடி அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். ஒருவர் 1,800 வரை, இன்னொருவர் 1,500 வரை, ஒரு படி 50 ரூபாய் என்றால் பொருள் 1,550-க்குப் போகும். அந்த 1,500 ஆள் வரவில்லை என்றால்? நீங்கள் வைத்த தொடக்க விலைக்கே போய்விடும், அது 99 ரூபாயாக இருந்தாலும். குறைந்தபட்ச விலை என்பது வராமல் போகக்கூடிய அந்த இரண்டாவது ஆளுக்குப் பதிலாக நிற்பது.

அதை எப்படிப் போடுவது? வாங்கின விலையை மறந்துவிடுங்கள். இன்றைக்கு இதே பொருளை வேறு எங்கே கொடுத்தால் கையில் எவ்வளவு வரும் என்பதுதான் அடித்தளம். வேலூர் பக்கம் பழைய வீடுகளில் கிடைக்கும் வெள்ளி ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம், 91.7 டச் (நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி), சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதி, 5.83 கிராம். 1947 ரூபாய் வெறும் நிக்கல். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், பலர் மூன்றுக்கும் ஒரே விலை போட்டு ஏமாறுகிறார்கள். வருஷத்தைப் பார்க்காமல் விலையை யோசிக்கவே கூடாது.

விக்டோரியா ரூபாய்க்கு லாங் பஜார் வெள்ளிக்கடையில் கழிவு போக 1,000 ரூபாய் தருகிறார்கள் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பார்சலும் ஸ்பீட் போஸ்டும் உங்கள் செலவு, 90. தளத்தின் கமிஷன் 10 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; ஆக 11.8. இங்கேதான் தவறு நடக்கிறது. 1,090-ஓடு 11.8 சதவீதத்தைக் கூட்டி 1,219 என்று வைப்பார்கள். ஆனால் கமிஷன் விற்ற விலையின்மேல் விழும், உங்கள் அடக்கத்தின்மேல் இல்லை. 1,219-இல் 144 போய், அஞ்சல் செலவு 90-ம் போனால் மிச்சம் 985. சரியான வழி வகுப்பது: 1,090-ஐ 0.882-ஆல் வகுத்தால் 1,236. நாணயத்தில் 15 ரூபாய்தானே என்று தோன்றும். அடக்கம் 40,000 ரூபாய் உள்ள கேமராவில் இதே தப்பு 550-க்கு மேல் கையைக் கடிக்கும்.

இந்த 1,236-ஐத் தொடக்க விலையாக வெளிப்படையாக வைப்பதா, ரிசர்வ் விலையாக (கேட்பு இதை எட்டாவிட்டால் பொருள் விற்காது) மறைத்து வைப்பதா? சில ஆயிரத்துக்குள் இருக்கும் பொருளுக்கு ரிசர்வ் வேண்டாம் என்பது என் கருத்து. கேட்கக் கேட்க ‘ரிசர்வ் எட்டவில்லை’ என்றே காட்டினால் ஆட்கள் கழன்றுவிடுவார்கள். சில தளங்களில் விற்காவிட்டாலும் ரிசர்வுக்குக் கட்டணம் உண்டு. பொருள் விலை உயர்ந்தது, சந்தை விலை உங்களுக்கே தெரியவில்லை என்றால் மட்டும் அது உதவும். அடிமாட்டு விலையில் தொடங்கி கூட்டம் சேர்ப்பது, முடிந்த ஏலங்களில் இதே பொருளுக்கு ஐந்தாறு பேர் மோதியிருந்தால்தான் சரிவரும். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவை ஆசை விலைகள். நிஜமாக விற்று முடிந்தவற்றைத் தேடிப் பாருங்கள்.

ரிசர்வ் வைக்காமல் நண்பரை விட்டு விலையேற்றலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, ரிசர்வ் விலையை அனுமதிக்கிறது. ஆனால் விலையேற்றப் பொய்க் கேட்பு விட்டால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். ‘ஆற்காடு’ பெயர் பொறித்த ரூபாய் என்றதும் ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் பாசம் பொங்கி விற்பவர் போடும் விலையும் ஏறிவிடுகிறது. அந்தப் பெயரில் ஆங்கிலக் கம்பெனி சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அடித்துத் தள்ளினார்கள். பெயருக்காகக் கூடுதல் விலை கிடைக்காது, தேய்மானம்தான் பேசும். நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால் வெளிநாட்டுக்கு அனுப்பும் வாய்ப்பையும் அடைத்து வையுங்கள்.

விற்கவில்லை என்றால் மறுநாளே விலையைக் குறைத்துப் போடாதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள். இரண்டு வாரம் விட்டு, வருஷம் தெளிவாகத் தெரியும்படி வெயிலில் புதுப் படம் எடுத்து, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு முடியும்படி போடுங்கள். அதற்குள் வெள்ளி விலை மாறியிருக்கும், 1,236-ஐத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். அந்தப் புதுக் கணக்குக்கும் ஆள் வராவிட்டால் நாணயத்தை எடுத்துக்கொண்டு லாங் பஜாருக்கே போய்விடலாம்.