நாகஸ்வர அட்டைக்கு நிறம் பார்த்த கதை

நண்பர்கள் சேர்ந்து கைக்காசில் கொண்டுவரும் சிற்றிதழ் எங்களுடையது, முழுக்க இசை. இந்த முறை அட்டை என் பொறுப்பு. படம் முன்பே முடிவாகிவிட்டது: ஆச்சா மர நாகஸ்வரம் ஒன்று, வாயில் வைத்து ஊதும் சீவாளியிலிருந்து புனல் போன்ற கீழ்முனையான அணசு வரை அட்டையின் குறுக்கே. நிறம்தான் பாக்கி.

கர்நாடக இசை என்றாலே நம்மவர்களுக்கு அரக்கும் தங்கமும்தான். கச்சேரி அழைப்பிதழ், குறுந்தகடு உறை எல்லாவற்றிலும் அதே ஜோடி. அது வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். சிவப்பு-வெள்ளையும் கிடையாது, சிங்கப்பூரில் அதைப் பார்ப்பவர்கள் தேசிய தின மலர் என்று நினைத்துவிடுவார்கள்.

கணினியில் நிறச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில் தேக்கா பக்கம் புடவைக் கடைகளுக்குப் போனேன். மயில்கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்... இத்தனை பெயர் எந்த மென்பொருளில் இருக்கிறது? அங்கேதான் எம்.எஸ். ப்ளூ கண்ணில் பட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே வழங்கும் நீலம்; இசை இதழுக்கு வேறென்ன வேண்டும்! கடை விளக்கில் கிட்டத்தட்டக் கறுப்பு, வாசல் வெயிலில் நல்ல நீலம்.

அதைப் பின்னணியாக்கினேன். நாகஸ்வரம் காணாமல் போயிற்று. படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் காரணம் உடனே தெரிகிறது: மரத்தின் பழுப்பும் இந்த நீலமும் ஒரே அடர்த்திச் சாம்பல். நிறம் எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும் வெளிர்-அடர் வித்தியாசம் இல்லாவிட்டால் உருவம் பிரிந்து தெரியாது. இப்போதெல்லாம் எந்த ஜோடியையும் முதலில் சாம்பலில்தான் பார்க்கிறேன்.

எனவே தலைகீழாக்கினேன். பின்னணி மாம்பழ மஞ்சள், இதழின் பெயர் நீலம். மரம் எடுப்பாக நின்றது. தங்கை எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, ஐக்கியா பை மாதிரி இருக்கு?”

சிரிப்பு வந்தாலும் அவள் சொன்னது சரி; அந்த அறைகலன் கடைக்கும் இதே நீலம்-மஞ்சள்தான். மஞ்சளில் மெஜந்தாவை, அதாவது அச்சின் கருஞ்சிவப்பு மையை, 30 சதவீதம் வரை ஏற்றி ஆரஞ்சுப் பக்கம் தள்ளினேன். நீலத்தை இன்னும் இருட்டாக்கினேன். இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தவரைதான் அந்தக் கடை ஞாபகம் வந்தது. சீவாளியைக் கட்டும் நூலுக்குத் துளி அரக்கு. விரட்டிய நிறம் நூலளவில் வந்தால் பரவாயில்லை.

அச்சில் நீலம் தனிப் பாடு. திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) பளிச்சென்று இருப்பது, அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கேவில் (சயான் என்னும் வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சயானும் மெஜந்தாவும் அளவில் நெருங்கிவிட்டால் ஊதாவாகிவிடும். சயான் 100 என்றால் மெஜந்தாவை 70க்கு மேல் விடவில்லை. இருட்டுக்குக் கறுப்பைச் சேர்த்தேன். பென்கூலன் ஸ்திரீட், சன்ஷைன் பிளாசாவில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது நீலம் நீலமாகவே இருந்தது.

நீலத்தில் வெள்ளை எழுத்து வைக்கும் ஆசையையும் விட்டேன். பல மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் அச்சுத் தகடு மயிரிழை விலகினால் போதும், ‘ண’, ‘ழ’ சுழிகள் அடைத்துக்கொள்ளும். சின்ன எழுத்தெல்லாம் மஞ்சள்மேல் தனிக் கறுப்பு.

மாதிரி வழவழப்பான ஆர்ட் தாளில் எடுத்தது. எங்கள் இதழோ பூச்சில்லாத சொரசொரப்புத் தாள். மையை உறிஞ்சி நிறத்தை மங்கடிக்கும். அதில் இந்த மஞ்சள் எப்படி வருகிறது என்று அடுத்து பார்க்க வேண்டும்.