ஸ்லோ குக்கரில் உதிரியாக ஒரு பட்டர் பீன்ஸ் சாதம்

ஒருவழியாக வந்துவிட்டது. கரண்டியில் அள்ளினால் பருக்கை பருக்கையாக விழுகிற சாதம், அதுவும் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் கரண்ட் பானையான ஸ்லோ குக்கரில், அதுவும் கோத்தகிரிக் குளிரில். "இதுல கஞ்சிதான் காய்ச்ச முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இரண்டாவது முறையும் தட்டை நீட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, போட்டேன்.

உள்ளே போனது: உரித்த பச்சை பட்டர் பீன்ஸ், கேரட், ஃபிரிட்ஜ் மூலையில் கிடந்த ஒரு நூல்கோல், தாராளமாக மலைப்பூண்டு, பொன்னி புழுங்கலரிசி. மசாலா அன்றைக்குத் தோன்றியதுதான். சோம்பு, வரமிளகாய், மல்லி விதை வறுத்துப் பொடித்தேன். வெங்காயத்தை மட்டும் கடாயில் வதக்கித்தான் சேர்க்க வேண்டும். பீங்கான் பானைக்குள் அது எத்தனை மணி நேரம் கிடந்தாலும் வேகுமே தவிர சிவக்காது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு குறையும். பிரஷர் குக்கர் இதைச் சமாளித்துவிடும், ஸ்லோ குக்கருக்கு அந்த வசதி இல்லை. அதனால் பீன்ஸையும் காயையும் கொதிக்கும் தண்ணீரோடு 'ஹை'யில் முதலில் வைத்து, பீன்ஸ் விரலில் நசுங்குகிற பதம் வந்த பிறகுதான் அரிசியைப் போடுகிறேன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால், இந்தக் குளிரில் பானை சூடேறுவதற்கே பாதி நாள் போய்விடும். புளியும் அப்போது வேண்டாம், புளிப்பு சேர்ந்தால் பீன்ஸ் வேக மறுக்கும்.

பச்சரிசியும் சீரக சம்பாவும் இதற்குச் சரிப்படாது, குழைந்துவிடும். புழுங்கலரிசியை நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்திருப்பதால் மாவு இறுகியிருக்கும், அவ்வளவு சீக்கிரம் கரையாது. அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, எண்ணெயில் ஈரம் போகப் புரட்டிப் போடுகிறேன். ஒரு தம்ளர் அரிசிக்கு, பானையில் ஏற்கெனவே கிடக்கும் தண்ணீரையும் சேர்த்து இரண்டு தம்ளர். ஆவியாகி வெளியே போக வழியில்லாத பாத்திரம் என்பதால் அடுப்புக் கணக்கு இங்கே செல்லாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஓரம் முழுக்கக் களி, நடுவில் விறைத்த அரிசி என்று வந்துகொண்டிருந்தது. காரணம் மூடி. கண்ணாடி மூடி நடுவில் மேடாக இருக்கிறதல்லவா, அதில் சேரும் ஆவி முத்து முத்தாகத் திரண்டு, வளைவில் வழுக்கி, ஓரத்தில் சுற்றிவர ஒரே வட்டமாகச் சொட்டும். நடுவில் ஒரு சொட்டு விழாது. டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து, பழைய வேட்டித் துணி. இரண்டாக மடித்துப் பானையின் வாயில் இறுக்கி விரித்து, மேலே மூடியை வைத்து, நாலு முனையையும் தூக்கி மூடிப் பிடியில் முடிச்சுப் போட வேண்டும். முனை தொங்கி சூடான வெளிக்கூட்டில் படவே கூடாது. துருக்கித் துண்டு வேண்டாம், நூல் உதிரும். சோப்புப் போட்ட துணியும் வேண்டாம். அந்த வாசனை முழுவதும் சாதத்தில் ஏறிவிடும். வெறும் வெந்நீரில் அலசிக் காயவைத்ததுதான் சரி. அரிசி போட்ட பிறகுதான் துணி, அதற்கு முன்னால் பீன்ஸுக்கு அந்த ஆவி வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியை எடுத்துப் பிழிந்தால் கால் தம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் வருகிறது. அவ்வளவும் முன்பு ஓரத்துச் சாதத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது! நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். போன சூடு திரும்ப அரை மணி நேரம் ஆகும்.

கரண்டையும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் ஹீட்டரும் கீசருமாகத் தெருவே போட்டுக்கொள்ளும் நேரத்தில் எங்கள் வீட்டில் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடுகிறது. 230-ல் கிடைக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதனால் என் ஸ்லோ குக்கர் பகல் டியூட்டிதான் பார்க்கிறது.

பட்டர் பீன்ஸ் உரித்ததாக வாங்காதீர்கள், தோலோடு வாங்குங்கள். உரித்து வைத்ததில் பாதி முற்றல். விலையைப் பற்றிப் பேசினால் வயிறு எரிகிறது. இங்கே விளைந்த காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, மறுபடி மலையேறி நம் கடைக்கு வருகிறது, ஏற்றுகூலி இறக்குகூலி எல்லாம் நம் தலையில். தோட்டத்திலிருந்து நேராகக் கூடையில் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "நாளைக்கு வா கண்ணு, இன்னும் இளசா கொண்டாறேன்" என்பார். சொன்னபடி கொண்டும் வருவார். பூண்டு கொடைக்கானல் போய்வந்த தோழி கொடுத்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. காரமும் அதற்கேற்ற மாதிரிதான்.

அடுத்து ராஜ்மா. அதை மட்டும் நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் உள்ள நச்சு அந்த மிதமான சூட்டில் போகாது, வாந்தியும் பேதியும்தான் மிச்சம். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் நாலைந்து விசில் விட்டுத்தான் பானைக்கு மாற்றப்போகிறேன். புளிக்குப் பதில் மரத்தக்காளி போடலாம் என்று ஒரு யோசனை. அதற்குள் இந்த பட்டர் பீன்ஸ் சாதத்தை இன்னொரு தடவை செய்தாக வேண்டும், உப்பு கொஞ்சம் கம்மி.