5.3 மில்லிலிட்டர் பெட்ரோல் டேங்க்

மூன்று வாரமாக என்னை வாட்டிய, மாதிரிக் காரின் பெட்ரோல் டேங்கைப் பிடித்துவைக்கும் பட்டைகள் நேற்று இரவு ஒருவழியாக இடத்தில் உட்கார்ந்துவிட்டன. கார், அமெரிக்காவின் 1970 டேடோனா 500 பந்தயத்தில் பீட் ஹாமில்டன் வென்ற 40ஆம் எண் பிளிமத் சூப்பர்பேர்ட், அளவு 1/25. கூரான மூக்கும் உயரமான பின்னிறக்கையும் பெட்டியிலேயே கிடக்கின்றன. நான் இன்னும் அடிப்பகுதியை விட்டு நகரவில்லை.

கிட்டில் (பாகங்கள் வரும் பெட்டியில்) சேஸிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டிருப்பது சாதாரணத் தெருக் காரின் டேங்க். இது எனக்குப் பொறுக்கவில்லை. 1964 மே 24 அன்று சார்லட் பந்தயத்தில் ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸின் ஃபோர்டு சுவரில் மோதி, டேங்க் உடைந்து தீப்பற்றியது. ஜூலை 2 அன்று அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் உருவாக்கிய ரப்பர் பை டேங்க் இந்தப் பந்தயங்களுக்குள் வந்தது. ஓர் உயிரைக் கொடுத்து வந்த மாற்றம் அது. 1970ஆம் ஆண்டுக் காரின் அடியில் பழைய டேங்கை எப்படி விட்டுவைப்பது? ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டேன்.

ரப்பர் பை உள்ளே அமரும் புதிய பெட்டிக்கு அளவு பிடிக்க ஒரு கணக்குப் போட்டேன். அன்றைய பந்தயங்களில் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு 22 காலன், ஏறக்குறைய 83 லிட்டர். 25ஐ மூன்று முறை பெருக்கினால் 15,625. அதனால் வகுத்தால் 5.3 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல்! 33 × 17 × 9 அங்குலப் பெட்டியை இந்த அளவுக்குச் சுருக்கினால் 33.5 × 17.3 × 9.1 மி.மீ. வருகிறது, கன அளவும் சரியாக ஒத்துப்போகிறது. ஒரு மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் பெட்டியைக் கட்ட ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

பட்டைகள்தான் படுத்தி எடுத்தன. நிஜத்தில் மூன்று மி.மீ. தடிமன் என்று வைத்தால், இங்கே 0.12. பிளாஸ்டிக்கில் வெட்டினால் மூலையில் விரிசல் விடுகிறது. குளிர்பான டப்பாவின் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ.; தடிமன் பொருத்தம், ஆனால் மடித்த இடத்தில் வில்லாக நிமிர்ந்துகொள்கிறது. ஆறு பட்டைகள் வீணாயின. கடைசியில் கைகொடுத்தது குளியல் சோப்பு. டப்பாவின் பூச்சை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மேலே சோப்பைத் தடவி, சோப்பு கருக்கும் வரை சுடருக்கு மேலே காட்டி, உடனே எடுத்து ஆறவிட்டேன். பிறகு அது ஈரத் துணி போலப் பெட்டியின் விளிம்பில் படிந்தது. விரல் நகத்தாலேயே மூலையை அழுத்த முடிந்தது. இதற்கு மேல் சுத்தமான மடிப்பை நான் எந்தக் கிட்டிலும் பார்த்ததில்லை.

பிளாஸ்டிக் தகடு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: எவர்கிரீன் நிறுவனத் தகட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. விலை மலிவு என்று வேறொரு கடையில் வாங்கிய தகடு, பசை பட்டதும் குழைந்துவிட்டது.

அடுத்து முன்பக்க முறுக்குத் தண்டுகள், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக்கொடுக்கும் கம்பிகள். கிட்டில் அவை வெறும் மேடுகளாக இருக்கின்றன. சீவிவிட்டு ஒரு மி.மீ. எஃகுக் கம்பி வைக்கப்போகிறேன். அதன் பிறகு ராபர்ட்ஸின் 22ஆம் எண் ஃபோர்டு கேலக்ஸியையும் கட்ட வேண்டும். அதில் மட்டும் இரும்பு டேங்க் அப்படியே இருக்கும்.

பட்டைகளின் போல்ட் தலைகள் இன்னும் ஒட்டவில்லை. எட்டு வெட்டியதில் மூன்று மேசைக்கடியில் எங்கோ கிடக்கின்றன.