இறக்கையோரம் ஒரு வெள்ளை நூல்

நேற்று மாலை விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது, இறக்கைக்குச் சற்றுப் பின்னால். மழை விட்ட ஈரக் காற்று. தரையிறங்கத் தாழ்ந்தபோது, இறக்கையின் பின்புறம் இறக்கியிருந்த மடல்களின் ஓரத்திலிருந்து நூல் போல ஒரு வெள்ளைக் கோடு நீண்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் புகையோ என்று பதறினார். "புகை இல்லை ஐயா, காற்றுதான் சுழல்கிறது" என்றேன்.

இறக்கையின் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. விமானத்தைத் தூக்குவதே அந்த வேறுபாடுதான். ஆனால் கீழுள்ள காற்று, ஓரம் கிடைத்த இடத்தில் மேலேறிச் சுருண்டுகொள்கிறது. சுழலின் நடுவில் அழுத்தம் இறங்கிக் குளிர்வதால் ஈரம் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தச் சுழலுக்கான ஆற்றல் எரிபொருளிலிருந்துதான் போகிறது.

என்னை இன்னமும் வியக்க வைப்பது இதுதான்: வேகம் இரு மடங்கானால், உடலில் உரசி மோதும் காற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். சுழலால் வரும் தடையோ நேர்மாறு. மெதுவாகப் பறக்கும்போதுதான் அது விமானத்தை அதிகமாகப் பிடித்து இழுக்கிறது!

நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970களில் இந்தச் சுழல் தடையைக் குறைக்கவே இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் சிற்றிறக்கையை ஆராய்ந்தார். 1979, 1980இல் அமெரிக்க விமானப்படையின் கேசி-135 என்ற பெரிய ஜெட் விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தபோது எரிபொருள் செலவு 6 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எத்தனை அழகான சிந்தனை!

சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் தகடுகள் விறைத்து எழுந்தன. வழியெல்லாம் தவிர்த்து வந்த தடையை, நிற்பதற்காக இப்போது வேண்டியே அழைத்தார்கள். பெரியவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.