காதால் செய்யும் வேலைக்கு ஒரு மின்வண்டி

எங்கள் சதுப்புநிலக் காப்பகத்தின் டீசல் பக்கிகளில் (கரைமேல் ஓடும் சிறிய வேலைவண்டிகளில்) ஒன்றை ஓரங்கட்டிவிட்டு மின்சாரத்தில் ஓடும் வண்டி வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கூட்டங்களில் அடிபட்டதெல்லாம் கரியமில வாயுக் கணக்கும் எரிபொருள் செலவும்தான். ஓசையைப் பற்றி யாரும் பெரிதாக வாய்திறக்கவில்லை. வண்டி வந்து சில பருவங்கள் கழிந்த நிலையில், அதனால் கிடைத்த பெரிய ஆதாயம் எது என்று என்னைக் கேட்டால் ஓசையைத்தான் முதலில் சொல்வேன். மற்றவற்றில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சமவெளி, 17ஆம் நூற்றாண்டிலிருந்து பெரிய அளவில் நீர் வடிக்கப்பட்டு உழவு நிலமாக்கப்பட்ட சதுப்பு. அதன் சில பகுதிகளை இப்போது மறுபடியும் சதுப்பாக்கி வருகிறார்கள். லேக்கன்ஹீத் ஃபென் காப்பகம் இருக்கும் இடத்தில் 1995 வரை கேரட் பயிரிட்டார்கள் என்பது இன்று அங்கே போய் நிற்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். கண்ணுக்கெட்டிய வரை நாணல்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் காப்பகமும் அந்த வகையைச் சேர்ந்தது. மதகுப் பலகைகளைச் சரிபார்ப்பது, நீர்மட்ட அளவுகோல்களைப் படிப்பது, வேலி பழுது பார்ப்பது, குளிர்காலத்தில் நாணலை முறைவைத்து அறுப்பது, முளைத்துவரும் வில்லோச் செடிகளைப் பிடுங்குவது என்று ஆண்டு முழுவதும் வேலை ஓடும். இவற்றுக்கெல்லாம் கரைமேல் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து செல்லும் வண்டி வேண்டும். முன்னால் இரண்டு பேர் உட்கார இருக்கை, பின்னால் கருவிகளைப் போடத் தொட்டி, மென்மண்ணில் புதையாத அகல டயர் ஆகியவற்றைக் கொண்ட பக்கிதான் அதற்கு ஏற்றது.

ஓசை விஷயம் வசந்தத்தில்தான் புலப்பட்டது. நாணற்காட்டில் பிட்டர்ன் என்றொரு பறவை வாழ்கிறது. கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் முழுக்கக் காய்ந்த நாணலின் நிறமும் கோடுகளும் இருப்பதால், பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்கு அகப்படாது. அதனால் இதைக் கண்ணால் பார்த்து எண்ணுவதில்லை, காதால் கேட்டுத்தான் எண்ணுகிறார்கள். ஆண் பறவை இனப்பெருக்கக் காலத்தில் எழுப்பும் ஆழ்ந்த முழக்கம், காற்று அடங்கிய விடியலில் சில கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். இரண்டு பேர் வெவ்வேறு கரைகளில் நின்று, ஒரே நேரத்தில் கேட்ட முழக்கத்தின் திசையைத் திசைகாட்டியில் குறித்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தை வரைபடத்தில் கண்டறிவது வழக்கம். 1997இல் பிரிட்டன் முழுவதும் சேர்த்து 11 ஆண் பறவைகளின் முழக்கமே பதிவானது. நாணற்காடுகளை மீட்டெடுத்ததன் பலனாக 2024இல் அந்த எண்ணிக்கை 280ஐத் தாண்டியது. இந்த எண்கள் எல்லாம் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஆட்களிடமிருந்து வந்தவை.

டீசல் என்ஜின் உறுமும் ஒலியும் பிட்டர்னின் முழக்கமும் ஏறக்குறைய ஒரே அடித்தொனியில் அமைந்தவை. முன்பெல்லாம் கேட்கும் இடத்துக்கு வெகு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு நடப்போம். என்ஜினை அணைத்த பிறகும் காதில் அந்த அதிர்வு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மின்வண்டியிலோ ஓட்டிக்கொண்டே கேட்கலாம். ஒரு மார்ச் விடியலில் தெற்குக் கரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கணக்கெடுப்பு இடமாகவே நாங்கள் கருதாத ஒரு மூலையிலிருந்து முழக்கம் வந்தது. முதலில் மூச்சை இழுப்பதுபோல் சில முனகல்கள்; பிறகு காலி ஜாடியின் வாயில் ஊதியதுபோன்ற ஒலி, மூன்று முறை. பக்கத்தில் இருந்த தன்னார்வலர் கையை உயர்த்தினார், நான் மிதியிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். டீசல் வண்டியாக இருந்திருந்தால் அந்த மூலையைப் பேசிக்கொண்டே கடந்து போயிருப்போம். அந்த ஆண்டு நாணல் அறுக்கும் முறையையே அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் ஓசையற்ற வண்டி விலங்குகளுக்குத் தொல்லை தராது என்று விற்பனைத் தாள்களில் எழுதுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். டீசல் வண்டி வரும்போது மான்கள் தொலைவிலேயே தலைதூக்கிப் பார்த்து, அவசரமில்லாமல் நாணலுக்குள் நுழைந்துவிடும். மின்வண்டி வரும்போது, குறிப்பாகக் காற்று எதிர்த்திசையில் வீசும் மூடுபனிக் காலைகளில், வளைவு திரும்பியதும் இரு தரப்பும் முகத்துக்கு முகம் நிற்கிறோம்; மான் வெருண்டு கால்வாயில் பாய்ந்ததும் உண்டு. மெல்ல விலகுவதற்கான அவகாசத்தை அந்தப் பழைய இரைச்சல் கொடுத்து வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது வளைவுகளுக்கு முன் நடைவேகத்துக்கு இறங்குவது எழுதப்படாத விதி. பார்வையாளர் பாதையிலும் இதே சங்கடம்: தொலைநோக்கியில் கண் பதித்து நிற்பவருக்குப் பின்னால் வண்டி வந்து நிற்பது தெரியாது. ஹாரன் அடித்தால் பறவைகளோடு அவரும் துள்ளுவார். கடைசியில் ஒரு சைக்கிள் மணியை வாங்கிப் பொருத்தினோம். பின்னோக்கி ஓட்டும்போது பீப் பீப் என்று கத்தும் எச்சரிக்கைக் கருவியைக் கழற்ற மட்டும் பாதுகாப்பு விதி இடம்தரவில்லை; சத்தமில்லாத வண்டி என்று வாங்கியதில் காப்பகத்திலேயே பெரிய சத்தம் அதுதான்.

இனி பேட்டரி. எங்கள் முதல் வண்டியில் இருந்தது 48 வோல்ட் ஈய-அமில வகை, அதாவது ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு. அதன் பராமரிப்பு ஒரு தனி வேலை. சார்ஜ் முழுமையான பிறகே காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். முன்னதாகவே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் விரிந்து மூடி வழியாக வழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் கொட்டகைக் கதவைக் குளிரிலும் திறந்துவைக்க வேண்டும். ஓய்வுபெற்ற மின்பணியாளரான தன்னார்வலர் ஒருவர், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு அறையின் அமிலத்தையும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சி, அதன் அடர்த்தியை அளந்து நோட்டில் எழுதிவைப்பார். எட்டில் ஒன்று தளர்ந்தாலும் மொத்த வரிசையும் அதன் நிலைக்கு இறங்கிவிடும் என்பதை வண்டி நின்றுபோவதற்கு முன்பே சொன்னது அந்த நோட்டுதான். உறைநிலைக்கு அருகில் இந்த வகைப் பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கோடையில் கடைசி மதகு வரை போய்வரும் வண்டி ஜனவரியில் அதே தூரத்துக்குத் திணறுவதில் வியப்பில்லை. டீசல் என்றால் கேனில் எடுத்துப் போய் ஊற்றிவிடலாம். இங்கே அது நடக்காது. ஆகவே தொலைவான வேலையைக் காலையிலும் கொட்டகைக்கு அருகிலுள்ள வேலையைப் பிற்பகலிலும் வைத்து நாளையே திருப்பிப் போட்டோம்.

குளிர்காலத்தில்தான் கணக்கு உண்மையிலேயே உதைக்கிறது. பறவைகள் கூடுகட்டத் தொடங்கும் முன் நாணலை அறுத்து முடிக்க வேண்டியிருப்பதால், கனமான வேலை முழுவதும் பகல் சுருங்கிய மாதங்களில் விழுகிறது. கொட்டகைக் கூரையிலுள்ள சூரியத் தகடுகள் டிசம்பரில் தருவது சொற்பம். நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வண்டிக்கு அதிக மின்சாரம் தேவைப்படும் காலத்தில் அதை வெளி இணைப்பிலிருந்தே எடுக்கிறோம் என்பதைப் பார்வையாளர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஈர நாணல் ஏற்றிய இழுவைப் பெட்டியைச் சேற்றுக்கரையில் இழுக்கவைத்தால், மீட்டரின் முள் கண்ணெதிரே இறங்கும். அந்த வேலையைப் பழைய டிராக்டரிடமே விட்டுவிட்டோம். அதே சமயம், நீரோரத்தில் டீசல் ஊற்றும் வேலை குறைந்ததில் எனக்கு நிம்மதி உண்டு. கால்வாயில் ஒரு கோப்பை எண்ணெய் சிந்தினாலும் அது எவ்வளவு பரப்புக்கு மெல்லிய படலமாக விரியும் என்பதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

அடுத்து வாங்கும் வண்டிக்கு லித்தியம் பேட்டரி என்று முடிவாகியிருக்கிறது. நீர் ஊற்றும் வேலை போகும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும் என்பதால், தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் வகையா, கொட்டகையைச் சூடாக வைப்பதா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது டீசல் பக்கியையும் விற்றுவிடலாம் என்பது அலுவலகத்தின் விருப்பம். இழுவைக்குத் தகுந்த மின்வண்டி ஒன்றை நாணல் அறுப்புக் காலத்தில் எங்கள் கரையிலேயே ஓட்டிப் பார்க்கும் வரை அதை விற்க வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.